நான் விட்ட வரி

எனக்குத் தற்பெருமை அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்தாலும் இரண்டு பக்கத்துக்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம் என்பதில் பெருமை. பாளையங்கோட்டையில் உபதேசியார் படிப்பு முடித்தபோது வேதபாடத்தில் முதலாவதாக வந்ததில் பெருமை. எல்லாவற்றுக்கும் மேலாக என் குரலில் பெருமை. கோயிலில் கடைசிப் பாயில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற கிழவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும். அந்தக் குரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வரியில் வராமல் போனது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. சீவலப்பேரிக்குக் கொஞ்சம் கீழே, ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு என்னை உபதேசியாராக அனுப்பினார்கள். முப்பது வீடு இருக்கும். எல்லாரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, களையெடுத்து, அறுக்கிற சனங்கள். கிறிஸ்து வேதத்துக்கு வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. வாரநாளில் நான் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்த வேண்டும். குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம்; அவர் மாதத்துக்கு ஒரு தடவை வில்வண்டியில் வந்து, அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். அவருக்கெல்லாம் மேலே அத்தியட்சர், அதாவது பிஷப்.

அந்த ஊரில் எழுத்துத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், நானும் என் மனைவியும். மற்றவர்கள் ஜெபமானாலும், எதையெல்லாம் விசுவாசிக்கிறோம் என்று சபை சேர்ந்து வரி வரியாகச் சொல்கிற விசுவாசப்பிரமாணமானாலும் காதால் கேட்டுத்தான் பாடம் பண்ண வேண்டும். முதல் வருஷம் பொழுதடைந்தபின் அவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். நாளெல்லாம் குனிந்து வேலை செய்தவர்கள், நான் இரண்டாம் வரிக்குப் போகுமுன் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. நாலு தலைமுறைக் கிறிஸ்தவன் கத்துகிறேன், நேற்று வந்தவர்கள் குறட்டை விடுகிறார்களே என்று.

பிறகுதான் புத்தி வந்தது. பிசானப் போகத்து நெல் நடுகையின்போது ஒரு நாள் வரப்பில் போய் நின்றேன். நடுகிற பெண்களில் ஒருத்தி முன்னால் நின்று பாட்டில் ஒரு அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் குனிந்தபடியே அதை வாங்கித் திருப்பிச் சொல்வார்கள். கை ஒரு பக்கம் நாற்றை ஊன்றிக்கொண்டு போகும், வாய் ஒரு பக்கம் பாடிக்கொண்டு போகும். நான் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பிலிருந்து விசுவாசப்பிரமாணத்தை வரி வரியாகச் சொன்னேன். முன்னால் நின்றவள் அதை என்னிடமிருந்து வாங்கினாள், மற்றவர்கள் அவளிடமிருந்து வாங்கினார்கள். வயலுக்குச் சொந்தக்காரர் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன உபதேசியாரே, நம்ம வயல்ல உம்ம சாமியையும் சேத்து நடுதீரா? நடுகை சுணங்காம இருந்தாச் சரிதான் வே.”

நடுகை சுணங்கவில்லை. மூன்று நாளில் வயலும் முடிந்தது, விசுவாசப்பிரமாணமும் முடிந்தது. அடுத்த மாதம் ஐயர் கேட்டுவிட்டு, இந்த வட்டாரத்திலேயே இவ்வளவு சுத்தமாகச் சொல்கிற சபை கிடையாது என்றார். நான் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

ஆனால் அப்படிக் கற்றதில் ஒன்று ஒட்டிக்கொண்டது. முன்னால் ஒருவர் எடுத்துக் கொடுத்தால்தான் அவர்களுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வரி சொல்வேன், அவர்கள் அந்த ஒரு வரி சொல்வார்கள். நான் நிறுத்தினால் அவர்களும் நிறுத்துவார்கள். அதிலும் எனக்குப் பெருமைதான்.

நடுகையில் முன்னால் நின்றவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட என் வயது. நான் வருவதற்கு முன்பே அவள் புருஷன் வயலில் பாம்பு கடித்துச் செத்துப்போனான். பிள்ளை கிடையாது. அவனை ஆற்றங்கரையில் மருதமரங்களுக்குக் கீழே இருந்த எங்கள் கல்லறைத் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் நேரே அங்கே போய், அவன் மேட்டில் முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

நாங்கள் அந்த ஊருக்கு வந்த மறுவருஷம் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். ஐந்து வயதில், ஒரு புரட்டாசி மாதம், வாந்திபேதியில் ஒரே பகலில் போய்விட்டாள். ஐயருக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. அடக்க ஆராதனையை நானே வாசித்தேன். குரல் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. சனங்கள் அதைச் சொல்லிச் சொல்லி வியந்தார்கள், அதையும் நான் பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்போது என் விசுவாசம் ஆடவில்லை என்பது உண்மை. ஒவ்வொரு சாயங்காலமும் கல்லறைக்குப் போவேன். ஆற்றிலிருந்து வழவழப்பான கூழாங்கற்களைப் பொறுக்கி அந்தச் சிறு மேட்டைச் சுற்றி அடுக்குவேன். இங்கே படுத்திருக்கிறாள், இங்கேயிருந்துதான் எழுந்து வருவாள் என்று இடத்தைப் பார்த்து நம்பினேன். என் நம்பிக்கைக்கு நாலடி நீளமும் இரண்டடி அகலமும் இருந்தது.

மறுவருஷம் ஐப்பசியில் மலையில் விடாமல் மழை. தாமிரபரணியும் பெருகி, சிற்றாறும் பெருகி, இரண்டும் சேருகிற இடத்துக்குக் கீழே தண்ணீர் கரையை அறுக்கத் தொடங்கியது. வீடுகள் தப்பின. மூன்றாம் நாள் காலையில் மழை விட்டதும் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க எல்லாரும் போனோம். மருதமரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கல்லறை இருந்த இடத்தில் கரையே இல்லை. செக்கச்செவேல் என்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தண்ணீர் எந்தெந்த ஊர் வழியாகக் கடலுக்குப் போகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நான்தான் வரிசையாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த வரிசை மனத்தில் தானாக ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது பாவமன்னிப்பு வரைக்கும் வந்துவிட்டேன். அடுத்தது சரீரம் உயிர்த்தெழும் என்கிற வரி. வாயைத் திறந்தேன், வரவில்லை. எந்தச் சரீரம், எங்கேயிருந்து என்று உள்ளே ஒருவன் கேட்டான். அந்த வரியை விட்டுவிட்டு நித்திய ஜீவனுக்குத் தாவினேன். சனங்களும் என் பின்னாலேயே தாவினார்கள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் நாத்திகனாகிவிடவில்லை. ஜெபித்தேன், வேதம் வாசித்தேன், மற்ற வரிகளையெல்லாம் முழு மனதோடு சொன்னேன். அந்த ஒரு வரி மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. அதற்கு என்ன பதில் என்பது எனக்குத் தெரியாதா? மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கியவருக்குத் தண்ணீரிலிருந்து சேர்த்தெடுப்பது பெரிதா என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மார்க்கு வாங்கினவன் நான். பதில் சரியாகத்தான் இருந்தது. செத்துப்போனது என் பிள்ளையாக இருந்ததால் அது எனக்குப் போதவில்லை.

சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். என் தற்பெருமை விடவில்லை. மனம் ஒப்பாததை இந்த வாய் சொல்லாது என்று வீம்பாக இருந்தேன். இப்படியே ஏழெட்டு வாரம் போயிற்று.

பாதையெல்லாம் உடைந்து கிடந்ததால் ஐயர் மார்கழியில்தான் வர முடிந்தது. அன்று ஆராதனையை அவரே நடத்தினார். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, சனங்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்த வரியை அவர் சொன்னார். கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. காதில் விழவில்லையோ என்று மறுபடி சொன்னார். அப்போதும் சத்தமில்லை. சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சபையில் மூத்தவர் ஒருவர், எங்கள் ஊருக்கு நியாயம் சொல்கிறவர், துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயா, அந்த வரி இப்பம் கெடையாதுல்லா?”

“என்னது கெடையாது?”

“நம்ம கல்லறைத் தோட்டத்த ஆறு கொண்டு போயிட்டுல்லா. இனி எந்திரிக்கதுக்கு அங்கன ஆளு இல்ல. அதனால அத்தியட்சர் ஐயா நம்ம ஊருக்கு மட்டும் அந்த வரிய எடுத்திட்டாவன்னு நெனச்சோம். உபதேசியாரு அத இப்பம் சொல்லுததில்லையே.”

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. மாட்டிக்கொண்டதற்காக அல்ல. எட்டு வாரமாக இந்தச் சனங்கள் தங்கள் செத்தவர்கள் இனி எழுந்திருக்க மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டு நடமாடியிருக்கிறார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கூலியைக் குறைத்தாலும், வாய்க்கால் தண்ணீரை அடைத்தாலும் மேலேயிருந்து வந்த உத்தரவு என்று வாங்கிக்கொள்கிற மாதிரி இதையும் வாங்கிக்கொண்டார்கள். என்னுடைய சந்தேகம் எனக்குள்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது முப்பது வீட்டிலும் போய் உட்கார்ந்திருந்தது.

ஐயர் என் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் பேச்சை எடுத்தார்.

“சந்தேகம் யாருக்குத்தான் வரல? எனக்கும் வந்திருக்கு வே. வந்தா அத நம்ம வீட்டுக்குள்ள வச்சுக்கிடணும். சபைக்கு முன்னால கொண்டாரப்பிடாது.”

“மனசுல இல்லாதத வாயால சொல்லச் சொல்லுதியளா ஐயா?”

அவர் புறப்பட எழுந்தார். என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர்தான்.

“அடுத்த திருவிருந்துக்கு வாரேன். நீர்தான் ஆராதன நடத்தணும். அந்த வரி இல்லாத விசுவாசப்பிரமாணம் இந்தக் கோயில்ல கேக்கப்பிடாது. கேட்டுதோ, இந்த வேல உமக்கு வேண்டாம்.”

வண்டி போனதும் என் மனைவியிடம் போய், வேலை போனாலும் போகட்டும், பொய் சொல்ல மாட்டேன் என்று முழங்கினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

“நீங்க சொல்ல மாட்டேன்னுதியளே, நான் சொன்னனா சொல்லலியான்னு ஒரு நாளாவது கேட்டியளா? அவ எனக்கும் பிள்ளைதான். நீங்க விட்ட எட்டு வாரமும் நான் மனசுக்குள்ள சொல்லிட்டுத்தான் இருந்தேன். எனக்கும் அழுகதான் வந்துது. சொன்னேன்.”

அவள் மறுபடி சுளகை எடுத்தாள்.

“வேலையப் பத்தி பொறவு பாப்போம். மொதல்ல அந்தச் சனங்ககிட்டப் போயி, எடுத்தது அத்தியட்சர் இல்ல, நாந்தான்னு சொல்லுங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியதில்லை. அந்த வரியை யாரும் எடுக்கவில்லை, திருச்சபையில் அது எப்போதும்போல இருக்கிறது, என் வாய்தான் அதைச் சொல்ல வரவில்லை, உங்களை ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை, ஆனால் ஏமாற்றிவிட்டேன் என்றேன். நடுகையில் முன்னால் நிற்பவள் எழுந்து நின்றாள்.

“அப்பம் அத எடுக்கலியா?”

“எடுக்கல.”

“எங்க வீட்டுக்காரரு எந்திரிப்பாருன்னு நான் சொல்லலாமா?”

“சொல்லலாம்.”

“அப்பம் நீங்க ஏன் சொல்ல மாட்டிய?”

“எனக்கு நிச்சயமாத் தெரியல, தாயி. நிச்சயமாத் தெரியாதத ஒங்க முன்னால நின்னு சொல்ல வாய் வரல.”

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“எனக்கு மட்டும் என்ன தெரியும் ஐயா? அவரு கெடந்த மேடும் போச்சு, நட்டு வச்ச சிலுவையும் போச்சு. இப்பம் அவரு இருக்கது அந்த வரியில மட்டுந்தான். அதச் சொல்லாத வாரமெல்லாம் அவர மறுக்கா கொண்டு பொதச்ச மாதிரி இருந்துது.” பிறகு, என்னைத் தேற்றுகிறவள் போல, “ஒங்களுக்கு வாரப்பம் வரட்டும். நீங்க பைய வாங்க. அதுவரைக்கும் அந்த வரிய நாங்க சொல்லுதோம்” என்றாள்.

முன்னால் ஒருவர் எடுத்துக் கொடுக்காமல் ஒரு வரிகூடச் சொல்லத் தெரியாதவர்கள் இவர்கள். எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பாவமன்னிப்பு வரைக்கும் சொல்லி நிறுத்தினேன். அவள் வயலில் எடுத்துக் கொடுக்கிற அதே குரலில், அதே ராகத்தில் அந்த வரியை எடுத்தாள். ஒரு நொடி தயங்கிவிட்டு மற்றவர்கள் அவளிடமிருந்து வாங்கினார்கள். அது முடிந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், இனி உன் முறை என்கிற மாதிரி. நான் நித்திய ஜீவனைச் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அதை மறைக்கவும் இல்லை.

தை மாதத் திருவிருந்துக்கு ஐயர் வந்தார். நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஆரம்பியும் என்று கையைக் காட்டினார். வீட்டில் என் மனைவி பாத்திரங்களை ஒரு சாக்கில் கட்டி வைத்துவிட்டுத்தான் கோயிலுக்கு வந்திருந்தாள். பாவமன்னிப்புக்கு வந்தேன், நிறுத்தினேன். ஐயர் தலையை நிமிர்த்தினார். அவர் என்னைப் பார்த்து முடிக்குமுன் நடுகையில் முன்னால் நிற்பவளின் குரல் எழுந்தது. அதன் பின்னாலேயே முப்பது வீடும் எழுந்தது. மற்ற வரிகளைவிட அந்த வரி இரண்டு மடங்கு சத்தமாக இருந்தது. குழந்தைகள்கூடச் சொன்னார்கள். எதிர்க்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன தகராறு என்று பார்க்க வந்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

ஆராதனை முடிந்தபின் ஐயர் சபையில் மூத்தவரைக் கூப்பிட்டார்.

“இது என்ன ஏற்பாடு?”

“அந்த வரி சபையோட பொறுப்பு ஐயா. மத்ததெல்லாம் அவரு சொல்லுவாரு.”

“அவரு அதச் சொல்ல வேண்டாமா?”

“சொல்லுவாரு. அவருக்கு இன்னும் வந்து சேரல. நாங்க வேதத்துக்கு வாரதுக்கு இந்த ஐயருமாரு எத்தன வருசம் காத்துக் கெடந்தாவ? நாங்க ஒரு வரிக்குக் காத்துக் கெடக்க மாட்டமா?”

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு வருகிற ஐயர்மார் குறிப்பு எழுதுகிற எங்கள் சபையின் பார்வைப் புத்தகத்தை வாங்கி எழுதினார். அவர் வண்டி ஏறியதும் ஓடிப்போய் வாசித்தேன். ‘சபையார் உபதேசியார் எடுத்துக் கொடுக்காமலேயே விசுவாசப்பிரமாணம் சொல்லுகிறார்கள். உபதேசியாரின் உழைப்பு மெச்சத்தக்கது’ என்று இருந்தது. அதைப்போல ஒரு பாராட்டு எனக்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை; அதற்குக் கொஞ்சமும் தகுதியில்லாதவன் என்பதும் எனக்கும் அவருக்கும் தெரியும். என் மனைவி வீட்டுக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தாள்.

இப்படியே நாலைந்து வருஷம். கல்லறைத் தோட்டத்தை ஆற்றிலிருந்து தள்ளி ஒரு மேட்டுக்கு மாற்றினோம். வெள்ளத்துக்குப் பிறகு, அடக்கம் செய்யும்போதும் விசுவாசப்பிரமாணம் சொல்ல வேண்டும் என்று சனங்கள் கேட்டதால் அதுவும் வழக்கமாகிவிட்டது. என் சந்தேகம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். சில வாரம் அந்த வரி நாக்கின் நுனி வரை வரும், சில வாரம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும். நான் நிறுத்துவேன், அவள் எடுப்பாள், ஊர் வாங்கும். ஒரு நாள்கூட அவர்கள் எனக்காகப் பரிதாபப்படவில்லை, ஒரு நாள்கூட வரிசை தப்பவும் இல்லை. வெளியூர் உபதேசியார்கள் யாராவது தங்கள் சபையைப் பற்றிப் பெருமை பேசினால் நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். என் சபை எனக்காகச் செய்வதைக் கேட்டால் அவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள்.

ஜெர்மன் சண்டை முடிவதற்கு முந்தின வருஷம், மாசியில், அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது அந்த வரியை எடுத்துக் கொடுக்கிறவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் போய்விட்டாள். அறுத்த வயலில் கதிர்க்கட்டுகளை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் மேட்டுக்கு வந்தார்கள். அன்று அவளைப் பார்க்க வயலுக்குச் சொந்தக்காரரும் வந்து தூரத்தில் நின்றார்.

பெட்டியைக் குழிக்குள் இறக்கினோம். விசுவாசப்பிரமாணத்தை ஆரம்பித்தேன். பாவமன்னிப்புக்கு வந்ததும் வழக்கம்போல நிறுத்தினேன்.

யாரும் எடுக்கவில்லை.

எடுத்துக் கொடுக்கிறவள் குழிக்குள் இருந்தாள். சனங்கள் வாயைத் திறந்துகொண்டு அவள் குரலுக்காகக் காத்து நின்றார்கள். அத்தனை பேரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள். மூத்தவர் ஒரு தடவை தொண்டையைச் செருமினார், அவருக்கும் வரவில்லை. அந்த வரியைச் சொல்லாத வாரமெல்லாம் அவரை மறுபடி புதைத்த மாதிரி இருந்தது என்று அவள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நான் விட்டால், அன்று அவளையும் அந்த வரி இல்லாமல்தான் புதைக்க வேண்டும்.

சொன்னேன்.

கடைசிப் பாய் வரை கேட்கிற என் குரல் உடைந்துபோய், முன்னால் நின்ற நாலு பேருக்குத்தான் கேட்டிருக்கும். அந்த நாலு பேர் அதை வாங்கினார்கள். அவர்களிடமிருந்து பின்னால் நின்றவர்கள் வாங்கினார்கள். என் மனைவியின் குரல் அதில் தனியாகக் கேட்டது. நிச்சயமாகத் தெரிந்துதான் சொன்னாயா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று நான் பொய் சொல்லவில்லை. அவள் எழுந்திருக்க வேண்டும் என்று என் முழு மனதும் கேட்டது, என் பிள்ளையும்தான்.

அதற்குப் பிறகு அந்த வரியை நான் விட்டதில்லை. இப்போதும் அந்த இடத்துக்கு வரும்போது குரல் கொஞ்சம் தடுக்கும். தடுக்கிற அந்த ஒரு நொடியில் சபை எனக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடும்.